பர்சனல் எஸ்ஸே: எழுதிக் கொடுக்காமல் உதவுவது எப்படி?

கேள்வி: பள்ளியில் ஆங்கில ஆசிரியராக இருக்கிறேன். எங்கள் பிளஸ் டூ மாணவர்கள் மூன்று பேர், ஒரே விண்ணப்பத்தைப் பல கல்லூரிகளுக்கு அனுப்ப உதவும் காமன் ஆப் இணையதளம் வழியாக அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கப் போகிறார்கள். 650 சொல் பர்சனல் எஸ்ஸேக்கு உதவச் சொல்லிக் கேட்கிறார்கள். இலக்கணம் திருத்தத் தெரியும். அதற்கு மேல் என்ன செய்யலாம், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்?

பதில்:

இலக்கணத்தைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவையுங்கள். அதுவரை உங்கள் வேலை கேள்வி கேட்பதும், வரும் பதிலைப் பொறுமையாகக் கேட்டுக்கொள்வதும்தான். எழுதுவது முழுக்க மாணவரின் வேலை. இந்தப் பங்கீட்டை முதல் நாளே மாணவரிடமும் பெற்றோரிடமும் சொல்லிவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில் கட்டுரையின் அளவுகள். குறைந்தது 250 சொல், அதிகபட்சம் 650. அதற்கு மேல் போனால் விண்ணப்பப் பக்கம் ஏற்காது. ஏழு தலைப்புகள் கொடுத்திருப்பார்கள்: தன் பின்னணி அல்லது ஆர்வம், சந்தித்த தடை அல்லது தோல்வி, கேள்வி கேட்டுப் பார்த்த ஒரு நம்பிக்கை, எதிர்பாராமல் நன்றி சுரந்த தருணம், தன்னை வளர்த்த ஒரு நிகழ்வு, நேரம் போவதே தெரியாமல் மூழ்க வைக்கும் விஷயம் என ஆறு. ஏழாவது, விரும்பியதை எழுதலாம். அந்த ஏழாவது இருக்கும்வரை தலைப்பைப் பார்த்து விஷயம் தேட வேண்டியதே இல்லை. முதலில் எழுதட்டும், எந்தத் தலைப்பில் பொருந்துகிறது என்று கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். ஒரே கட்டுரைதான் எல்லாக் கல்லூரிகளுக்கும் போகும் என்பதால் அதற்குள் எந்தக் கல்லூரியின் பெயரும் வரக்கூடாது. 'ஏன் எங்கள் கல்லூரி?' போன்ற துணைக் கேள்விகளைக் கல்லூரிகள் தனியாகக் கேட்கும்.

இந்தக் கட்டுரையைப் படிப்பவரின் திரையில் மதிப்பெண்கள், பள்ளி அறிக்கை, ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்கள், பத்துவரை எழுதக்கூடிய செயல்பாடுகள் பட்டியல் எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. மாணவர் தன் குரலில் நீளமாகப் பேசும் இடம் இது ஒன்றுதான். மாவட்ட அளவில் முதல் பரிசு, பள்ளி மாணவர் தலைவர் என்று மறுபடி அடுக்கினால் அந்த இடம் வீணாகிறது.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். கன்சல்டன்சிகளிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றுபவை பெரும்பாலும் எஸ்.ஓ.பி. (ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்ப்பஸ்) மாதிரிகள். அது முதுநிலைப் படிப்புக்கு எழுதுவது: என்ன படித்தேன், என்ன ஆராயப் போகிறேன், ஏன் இந்தத் துறை என்று போகும். இளநிலைக்கான பர்சனல் எஸ்ஸே வேறு. இதில் துறையைப் பற்றி ஒரு வரிகூட இல்லாமல் போகலாம். 17 வயதுப் பிள்ளை எதைக் கவனிக்கிறது, கவனித்ததை வைத்து எப்படி யோசிக்கிறது என்பதைத்தான் படிப்பவர் தேடுகிறார். எஸ்.ஓ.பி. மாதிரியைப் பார்த்து எழுதிய கட்டுரையில் 'எனது தொலைநோக்கு', 'உலகத்தரம் வாய்ந்த உள்கட்டமைப்பு' என்பது போன்ற வரிகள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த மாதிரிகளை மாணவர் கண்ணில் படாமல் வைப்பதே முதல் உதவி.

அடுத்த தடை நம் வகுப்பறையிலேயே இருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து பொதுக்கட்டுரை எழுதிப் பழகிய கை அது. குறிப்புச் சட்டகம், முன்னுரை, உட்தலைப்புகள், நடுவில் ஒரு மேற்கோள், முடிவுரை. தேர்வில் அதற்கு மதிப்பெண் உண்டு. அந்தப் பயிற்சியைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் பர்சனல் எஸ்ஸேயில் அதே கை 'வாழ்க்கை என்பது ஒரு நீண்ட பயணம்' என்று தொடங்கி, ஒரு குறளையோ அப்துல் கலாமின் வரியையோ வைத்து, 'எனவே விடாமுயற்சியே வெற்றி தரும்' என்று முடித்துவிடும். இது மாணவரின் சோம்பலால் வருவது இல்லை. நல்ல மாணவர்தான் இப்படி எழுதுவார், ஏனென்றால் நாம் சொல்லிக்கொடுத்ததை அவர்தான் சரியாகப் பிடித்துக்கொண்டவர். அதனால் முதல் நாளே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்: முன்னுரை வேண்டாம், முடிவுரை வேண்டாம், மேற்கோள் வேண்டாம், நடந்ததன் நடுவிலிருந்து தொடங்கு.

இனி முதல் உட்காரல். ஒரு மாணவருக்கு 45 நிமிடம். தனியாக, அப்பா அம்மா பக்கத்தில் இல்லாமல். பேச்சு தமிழிலேயே இருக்கட்டும். ஆங்கிலத்தில் பேசச் சொன்னால் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்துக்குள் அடங்குவதை மட்டும் பிள்ளை சொல்லும். அனுமதி கேட்டுவிட்டு போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். பின்னால் இது மிகவும் உதவும்.

'உன் வாழ்க்கையில் மறக்க முடியாத நிகழ்ச்சி எது?' என்று கேட்காதீர்கள். அதற்கு எல்லோரிடமும் தயாராக ஒரு பதில் இருக்கும். சின்னதாக, பதில் சொல்ல எளிதாகக் கேளுங்கள். வீட்டில் எந்த வேலைக்கு உன்னைத்தான் கூப்பிடுவார்கள்? பள்ளி விட்டுப் போனதும் முதல் அரை மணி நேரம் என்ன செய்வாய்? யாரும் சொல்லாமல் நீயாகத் தேடிப் படித்தது எது? போன வருடம் சரி என்று நினைத்து இப்போது தப்பு என்று நினைப்பது ஏதாவது உண்டா? உன் தங்கையிடம் எதைப் பற்றி மணிக்கணக்கில் பேசி அவள் எழுந்து ஓடியிருக்கிறாள்? பதில் வந்ததும் அடுத்த கேள்விக்குத் தாவாமல் 'அப்புறம்?' என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். பத்து விநாடி மௌனம் ஆசிரியருக்குத்தான் சங்கடம். மாணவர் அந்த நேரத்தில் யோசித்துக்கொண்டிருப்பார்.

ஒரு கற்பனை மாணவியை வைத்துக் காட்டுகிறேன். அப்பா மளிகைக் கடை வைத்திருக்கிறார். அவள் முதலில் எழுதிக்கொண்டு வரும் வரி: 'சிறு வயதிலிருந்தே அப்பாவின் கடையில் உதவி செய்து, உழைப்பின் அருமையைக் கற்றுக்கொண்டேன்.' எந்தக் கடைக்காரர் பிள்ளையும் இதை எழுதலாம். கேள்வி இங்கே தொடங்க வேண்டும்.

கடையில் என்ன வேலை? கணக்கு எழுதுவேன் மிஸ். என்ன கணக்கு? கடன் நோட்டு. அதில் பெயரை எப்படி எழுதுவீர்கள்? பச்சை கேட் அக்கா, ஆட்டோ மாமா, மாடி வீட்டு செல்வி, அப்படி. ஏன் முழுப்பெயர் இல்லை? எங்கள் தெருவில் மூன்று செல்வி இருக்கிறார்கள் மிஸ். அந்த நோட்டை நீ என்ன செய்தாய்? போனில் எக்செல்லில் ஏற்றிப் பார்த்தேன். வந்ததா? வரவில்லை, ஒரே வீட்டில் மூன்று பேர் வாங்கியது மூன்று இடத்தில் போய்விட்டது. அப்புறம்? வீட்டு வாரியாகப் பிரித்தேன். 'பணம் தர வேண்டிய தேதி' என்று ஒரு கட்டம் சேர்த்தேன். அப்பா அதை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். ஏன்? தேதி போட்டால், அந்தத் தேதி தாண்டியதும் அவர்கள் கடைப் பக்கமே வரமாட்டார்கள் என்றார்.

கட்டுரை இங்கே இருக்கிறது. ஒழுங்குபடுத்தப் பிடித்த ஒரு பெண், தன் அப்பா வேண்டுமென்றே எழுதாமல் விட்ட ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறாள். இப்போது நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: 'அப்பா சொன்னதை ஒத்துக்கொண்டாயா?' ஒத்துக்கொள்ளவில்லை, பாதி ஒத்துக்கொண்டேன், இன்னும் யோசிக்கிறேன் என எந்தப் பதிலானாலும் அது அவளுடைய யோசனை. 'எங்கள் கடை நோட்டில் மூன்று செல்விகள் இருக்கிறார்கள்' என்று அவளே தொடங்கிவிடுவாள். உழைப்பின் அருமை என்ற சொல்லே தேவைப்படாது. இந்தக் கேள்விகளில் ஒன்றுகூட மொழி சம்பந்தப்பட்டது இல்லை என்பதைக் கவனியுங்கள். பெயர், நாள், பொருள், அடுத்து என்ன, ஏன் என்பவை மட்டுமே.

பேசி முடித்த அன்றே, சூடு ஆறுவதற்குள், முதல் வரைவை எழுதச் சொல்லுங்கள். 900 முதல் 1,000 சொல் வரை போகலாம். ஆங்கிலச் சொல் வராத இடத்தில் தமிழிலேயே எழுதிவிட்டு மேலே போகட்டும். அகராதியைத் திறந்தால் ஓட்டம் நின்றுவிடும்.

வரைவு வந்ததும் சிவப்புப் பேனாவை எடுக்காதீர்கள். பென்சிலால் மூன்று குறிகள் போதும். உங்களை நிமிர்ந்து உட்கார வைத்த இடத்தில் அடிக்கோடு. புரியாத இடத்தில் கேள்விக்குறி. கவனம் நழுவிய இடத்தில் ஓரத்தில் ஒரு கோடு. வரியைத் திருத்தி எழுதத் தொடங்கினால் அந்த நிமிடமே கட்டுரை உங்களுடையதாகிவிடும். மாணவர் நன்றியோடு உங்கள் வரியை எடுத்துக்கொள்வார், அடுத்த பத்தியை எழுத உங்களுக்காகக் காத்திருப்பார். வரி சரியில்லை என்றால் 'இதை எனக்குத் தமிழில் சொல்' என்று கேளுங்கள். சொன்னதும், 'இப்போது சொன்னாயே, அதையே எழுது' என்று அனுப்பிவிடுங்கள். சொல்லும்போது தெளிவாக வருவது எழுதும்போது ஏன் சுற்றி வளைக்கிறது என்று அவருக்கே பிடிபடும்.

முதல் வரைவுகளில் திரும்பத் திரும்ப வரும் கோளாறு விகிதத்தில்தான். நடந்தது 900 சொல், தான் யோசித்தது கடைசியில் 40 சொல். வேறு வேறு நிறத்தில் இரண்டையும் கோடிடச் சொல்லுங்கள், அவருக்கே தெரிந்துவிடும். பாதிக்குப் பாதி என்று சட்டம் எதுவும் இல்லை. ஆனால் யோசனை மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனால் கட்டுரை செய்தி அறிக்கை ஆகிவிடுகிறது. யோசனையைக் கடைசிப் பத்தியில் மொத்தமாகக் கொட்டாமல் நிகழ்ச்சிக்கு நடுநடுவே வர வைப்பது நல்லது: அந்தக் கட்டத்தை அழிக்கும்போது என்ன நினைத்தாள், மறுநாள் பச்சை கேட் அக்கா வந்தபோது எதைக் கவனித்தாள்.

இதன் இன்னொரு வடிவம் பாட்டி கட்டுரை. பாட்டியின் பிறப்பு, விதவையானது, ஐந்து பிள்ளைகளை வளர்த்தது என்று உருக்கமாகப் போகும். படித்து முடித்ததும் பாட்டியைக் கல்லூரியில் சேர்த்துக்கொள்ளத் தோன்றும், பேத்தியைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்காது. பாட்டியை நீக்க வேண்டாம். ஒவ்வொரு பத்தியிலும் 'இங்கே நீ எங்கே நிற்கிறாய், என்ன செய்துகொண்டிருக்கிறாய்?' என்று கேட்டால் போதும்.

950 சொல்லை 650 ஆக்கும்போது முதலில் போக வேண்டியது முதல் பத்தி. மேடையில் பேசத் தொடங்குமுன் தொண்டையைச் செருமிக்கொள்வது போன்றதுதான் அது. இரண்டாம் பத்தியில்தான் பேச்சு தொடங்கும். அடுத்து, காட்சி சொல்லிவிட்டதையே விளக்கும் வரிகள். பிறகு மற்றவர்களின் வரலாறு. இதற்குள் 700க்கு வந்துவிடும். மீதியை வரி வரியாகச் சுருக்கட்டும். முடிவில் 'இதிலிருந்து நான் கற்றது' என்று தொடங்கும் வாக்கியம் இருந்தால் அதை விரலால் மறைத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். பத்தில் எட்டு முறை அதற்கு முந்தைய வரியிலேயே கட்டுரை முடிந்திருக்கும்.

கஷ்டங்களைப் பற்றி எழுதுவது குறித்து நிதானமாகச் சொல்ல வேண்டும். வறுமை, அப்பாவின் குடி, வீட்டில் ஒரு சாவு, சாதியால் பட்ட அவமானம் ஆகியவற்றை எழுதினால்தான் இடம் கிடைக்கும் என்று பிள்ளைகள் மத்தியில் ஒரு எண்ணம் இருக்கிறது. அப்படி இல்லை. கஷ்டத்தின் அளவுக்கு யாரும் மதிப்பெண் போடுவதில்லை. எழுத வேண்டும் என்று அவருக்கே தோன்றினால், எழுதும்போது கை நடுங்காத அளவுக்கு ஆறியிருந்தால், எழுதட்டும். பேசும்போது கண் கலங்கினால் அந்த விஷயத்தை நீங்களாக ஒருபோதும் 'இதையே எழுது' என்று சொல்லாதீர்கள். தன் காயத்தை முன்பின் தெரியாதவர் படிக்க அனுப்பலாமா என்று முடிவு செய்யும் உரிமை அந்தப் பிள்ளைக்கு மட்டுமே உண்டு. ஒரு வருடம் மதிப்பெண் குறைந்ததற்குக் குடும்பச் சூழல் காரணம் என்றால், அதை உணர்ச்சி இல்லாமல் தகவலாகச் சொல்லவே விண்ணப்பத்தில் வேறு இடம் இருக்கிறது: சூழ்நிலைகளை விளக்க 250 சொல், கூடுதல் தகவலுக்கு 300 சொல். பின்னது முன்பு 650 ஆக இருந்தது, 2025-26 பருவத்தில் குறைத்துவிட்டார்கள். பழைய காணொளிகளைப் பார்த்து ஏமாற வேண்டாம். காரணத்தை அங்கே நாலு வரியில் போட்டுவிட்டால், கட்டுரையில் பிள்ளை தனக்குப் பிடித்ததைப் பற்றிச் சந்தோஷமாக எழுதலாம்.

ஆங்கிலத்தைப் பொறுத்தவரை நீங்கள் கண்கொத்திப் பாம்பாக இருக்க வேண்டியது நமக்குச் சரியாகப் பட்டு அங்கே பொருள் மாறும் சொற்களில். 'பாஸ்டு அவுட்' என்றால் அவர்களுக்கு மயங்கி விழுந்தார் என்று பொருள். 'டியூஷன்' என்றால் கல்லூரிக் கட்டணம். 'டவுட்' கேட்டேன் என்றால் சந்தேகப்பட்டதாக எடுத்துக்கொள்வார்கள். நாம் சொல்ல வருவது கேள்வி கேட்டேன் என்பதை. 'சென்டம்', 'நேட்டிவ் பிளேஸ்', 'கசின் பிரதர்', 'லேக்' எதுவும் அங்கே புரியாது அல்லது விநோதமாகப் படும். லட்சத்தை 100,000 என்று இலக்கத்தில் எழுதட்டும். தமிழ்ச் சொற்களைப் பயந்து நீக்க வேண்டாம். கோலம், ரேஷன் கடை, பொங்கல் எதுவானாலும் முதல் தடவை வரும்போது அது என்னவென்று வாக்கியத்தின் போக்கிலேயே தெரிந்துவிட வேண்டும்; அடைப்புக்குறி விளக்கம் படிப்பவரைத் தடுக்கி விழவைக்கும். மாணவர் பெரிய பெரிய சொற்களை அகராதியிலிருந்து பார்த்துப் பார்த்து எடுத்துப் போட்டிருந்தால், பதிவு செய்த பேச்சைப் போட்டுக் காட்டுங்கள். இந்தப் பிள்ளைதான் அந்தக் கட்டுரையை எழுதியது என்று கேட்பவர் நம்ப வேண்டும்.

அதே பதிவு ஏ.ஐ. விஷயத்திலும் கைகொடுக்கும். செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய உள்ளடக்கத்தைத் தன்னுடையதாகக் காட்டுவதைக் காமன் ஆப் தன் மோசடி விதிகளில் சேர்த்திருக்கிறது. எல்லாம் என் சொந்த வேலை என்று மாணவர் கையொப்பமிட்டுத்தான் அனுப்புகிறார். காசு வாங்கிக்கொண்டு மனிதர் எழுதிக்கொடுத்தாலும் அதே கையொப்பம் பொய்யாகிறது. பயத்தைத் தாண்டி ஒரு காரணமும் உண்டு: சாட்ஜிபிடியிடம் 'கடன் நோட்டு பற்றி எழுது' என்றால் நம்பிக்கை, சமூகம், பாரம்பரியம் என்று வரும். மூன்று செல்விகள் வரமாட்டார்கள்.

நீங்களே பரிந்துரைக் கடிதமும் எழுதுவதாக இருந்தால், கட்டுரையில் வரும் நிகழ்ச்சியை அதில் தொடாதீர்கள். வகுப்பறையில் நீங்கள் கண்ட வேறொன்றைச் சொல்லுங்கள்.

காலக்கணக்கு நம் பள்ளி நாட்காட்டியோடு முட்டும். அந்த ஆண்டுக்கான காமன் ஆப் ஆகஸ்ட் 1 அன்று திறக்கும். முன்கூட்டிய விண்ணப்பத்துக்குப் பல கல்லூரிகளில் நவம்பர் 1, வழக்கமான விண்ணப்பத்துக்கு ஜனவரி முதல் நாட்கள். நடுவில் செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு. அதனால் முதல் பேச்சைக் கோடை விடுமுறை முடிவதற்குள் வைத்துவிடுங்கள். ஜூலைக்குள் இரண்டு வரைவு, பிறகு இரண்டு வாரம் கட்டுரையைத் திறக்கவே கூடாது, ஆகஸ்டில் மூன்றாவது வரைவு. காலாண்டுக்கு முன் கட்டுரை முடிந்துவிட்டால் துணைக் கேள்விகளுக்கு அக்டோபர் முழுக்கக் கிடைக்கும். ஐந்தாறு வரைவுக்கு மேல் போனால் கட்டுரை தேய்ந்து வழுவழுப்பாகிவிடும். அப்போது இரண்டாம் வரைவை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள், உயிருள்ள வரிகள் பல அதில் கிடக்கும்.

இதே கட்டுரையை வேறு இடங்களுக்கு அப்படியே அனுப்ப முடியாது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்குத் தனி விண்ணப்பம். எட்டுக் கேள்விகளில் நான்கைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொன்றுக்கும் 350 சொல்லுக்குள் பதில். அங்கே காட்சி கட்டிக்கொண்டிருக்க இடமில்லை, கேட்டதற்கு நேராகச் சொல்ல வேண்டும். பிரிட்டன் பல்கலைக்கழகங்களுக்கான விண்ணப்ப அமைப்பு யூகாஸ். அதில் எழுதும் பர்சனல் ஸ்டேட்மென்ட், 2026 சேர்க்கையிலிருந்து மூன்று கேள்விகளாக மாறிவிட்டது: ஏன் இந்தப் படிப்பு, இதுவரை படித்தது எப்படித் தயார்ப்படுத்தியது, படிப்புக்கு வெளியே என்ன செய்தாய். இடைவெளியையும் சேர்த்து மொத்தம் 4,000 எழுத்து, ஒவ்வொன்றிலும் குறைந்தது 350. முழுக்கப் பாடத்தைப் பற்றியது. கடன் நோட்டு அங்கே வர வேண்டுமானால் பொருளாதாரத்தோடு கைகோர்த்துத்தான் வர வேண்டும்.

அனுப்புவதற்கு முந்தின நாள், மாணவரையே உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை உடைக்கட்டும். இலக்கணத்தை இப்போது பாருங்கள்: காலம் மாறியிருக்கிறதா, ஆர்ட்டிகிள் விட்டுப்போயிருக்கிறதா. உங்கள் வகுப்பறைக் கண் இங்கேதான் தேவை. விண்ணப்பப் பக்கத்தின் பெட்டியில் ஒட்டிய பிறகு பத்திகள் இடைவெளி இல்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கலாம், மேற்கோள் குறிகள் சிதைந்திருக்கலாம். அனுப்புமுன் காட்டும் பி.டி.எஃப். முன்னோட்டத்தைக் கடைசி வரை இறக்கிப் பார்க்கட்டும், துணைக் கட்டுரையில் வேறு கல்லூரியின் பெயர் தங்கியிருக்கிறதா என்பது உட்பட. காமன் ஆப்பில் கடைசி நேரம் என்பது விண்ணப்பிப்பவர் இருக்கும் இடத்தின் இரவு 11.59, அமெரிக்க நேரத்தை நம்பி மறுநாள் காலை வரை உட்கார்ந்திருந்தால் தேதி போய்விடும்.